பனியாற்றுப் பாய்வெள்ளம்: ஐஸ்லாந்துச் சொல்லுக்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பனியாற்றிலிருந்து திடீரெனப் பெருகிவரும் வெள்ளத்தைக் குறிக்கும் ‘யோகுல்லொய்ப்’ என்னும் ஐஸ்லாந்துச் சொல்லைத் தமிழில் ‘பனிப்பாறை வெடிப்பு’ என வழங்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. செய்தித்தாள்களில் அத்தொடர் பரவியிருப்பது உண்மைதான். ஆனால் 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் நேர்ந்த பேரழிவுக்கும் அதே பெயரைத்தான் சூட்டினார்கள். ரோண்டி மலைமுகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே அதன் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மேலும், நிலத்தின்மீது நகரும் பனித்திரளைப் பாடநூல்கள் ‘பனியாறு’ என்கின்றன. ‘பனிப்பாறை’ கடலில் மிதப்பதற்கும் வழங்குகிறது.

மூலச்சொல்லின் முதற்பகுதியான ‘யோகுல்’ பனியாற்றைக் குறிக்கிறது. பனிக்கட்டித் துண்டு எனப் பொருள்படும் ‘யாகி’ என்பதன் சிறுமை வடிவம் அது. கூரை விளிம்பில் தொங்கும் பனியூசிக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஐசிகிள்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதற்கு உறவே. நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இரண்டாம் பகுதியான ‘லொய்ப்’ என்பதை. ஓடுதல், தாவுதல் என்னும் பொருள்களையுடைய வினையிலிருந்து பிறந்த அதற்கு ஆங்கிலத்தின் ‘லீப்’, ஜெர்மனின் ‘லாவ்ஃபன்’, டச்சின் ‘லோப்பன்’ ஆகியவை உடன்பிறப்புகள். ஒரே வேர் ஆங்கிலத்தில் தாவலாகவும் ஜெர்மனில் ஓட்டமாகவும் டச்சில் நடையாகவும் நிலைத்திருக்கிறது.

தமிழில் இந்த விரிவைத் தாங்கக்கூடிய வேர் ‘பாய்’ என்பது என் துணிபு. புலியும் பாய்கிறது, ஆறும் பாய்கிறது. தாவலையும் நீரோட்டத்தையும் வலிந்து இணைக்கத் தேவையின்றி நம் மொழி முன்பே இணைத்து வைத்திருக்கிறது.

‘உடைப்பு’ என்ற சொல்லைச் சிலர் விரும்பலாம். கண்மாய் உடைப்பெடுப்பதை அறிந்த நமக்கு அது நெருக்கமானதே. ஆயினும் 1996இல் ஐஸ்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 30 அன்று வாட்னயோகுல் பனிப்பரப்பின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் ஐந்து வாரம் கிரிம்ஸ்வாட்ன் என்னும் பனியடி ஏரியில் சேர்ந்து, நவம்பர் 5 அன்று தன்னைத் தடுத்திருந்த பனியையே மேலே தூக்கி, அதன் அடியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடி வெளிப்பட்டு, நாட்டின் சுற்றுச்சாலைப் பாலங்களை அடித்துச் சென்றது. கரை உடைந்து திறந்துகொள்ளும் நிகழ்வு இதுவன்று. நீர் அடிவழியே பாய்ந்து வந்திருக்கிறது.

எனவே ‘பனியாற்றுப் பாய்வெள்ளம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘பாய்ச்சல்’ என்று நிறுத்தினால் வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் பனியாறே நகர்வதும் நினைவுக்கு வரும் என்பதால் ‘வெள்ளம்’ அவசியமாகிறது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியின் கரை உடைந்து, சுங்தாங் அணையை அழித்த வெள்ளம் போன்றவற்றுக்கு, இதன் உள்வகையாகப் ‘பனியேரி உடைப்பு வெள்ளம்’ என்பது பொருந்தும்.

பனியாறு திடீரென வேகமெடுத்து முன்னேறுவதை ஐஸ்லாந்தியர் அதே வேரைக்கொண்டு ‘ஃப்ராம்லொய்ப்’, அதாவது முன்னோக்கிய ஓட்டம் என்கிறார்கள். அதற்குப் ‘பனியாற்று முன்பாய்ச்சல்’ என வைத்தால் இரு சொற்களின் உறவும் தமிழில் புலப்படும். நிலவியல் கற்பிப்போர் இவ்விரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, எங்கே இடறுகிறது என எழுத வேண்டுகிறேன்.