கலப்புச் சரக்கும் ஆள் கணக்கும்

கிழக்கிலங்கையின் கல்முனை, காத்தான்குடிக் கடைக்காரர்களுக்காகக் கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுப்பது என் தொழில். பொருள் பிந்தினால் முதலாளிமார் பரிசோதிக்கும் சுங்க உத்தியோகத்தர்களைத்தான் திட்டுவார்கள். நான் அவர்கள் பக்கம்தான் பேசுவேன்.

கட்டாயப் பரிசோதனைக்கு என்று சுங்கம் ஒதுக்கும் சிவப்பு வழியில் விழுந்த கொள்கலனைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். தரையில் பதிக்கும் ஓடுகள் மட்டும் வந்த பெட்டி என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் ஊருக்கு வருவதோ பெரும்பாலும் கலப்புச் சரக்கு. ஒரே பெட்டிக்குள் பிள்ளைகளின் சட்டை, செருப்பு, பீங்கான், விளையாட்டுச் சாமான் என்று எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வரி வேறு.

நோன்புப் பெருநாள் நெருங்கிய ஒரு நாள், எங்கள் பெட்டியைப் பார்க்க ஒரு இளம் உத்தியோகத்தர் வந்தார். வாசலில் இருந்த பொதிகளோடு அவர் நிறுத்தவில்லை. கடைசி வரிசைப் பொதி ஒன்றை சுமை தூக்கும் நாட்டாமிமாரைக் கொண்டு இழுக்க வைத்து, பிளேடால் கிழித்து, சட்டைகளை எண்ணி, கழுத்துப்பட்டியில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பார்த்துப் பட்டியலோடு ஒப்பிட்டார். பட்டியல் அவருடைய வியர்வையில் நனைந்திருந்தது. அடுத்த பெட்டிக்காரர்கள் அதற்குள் அவரைச் சூழ்ந்துவிட்டார்கள். அப்படிப் பார்க்கிற ஒருவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் கட்டணமின்றிப் பெட்டியை வைத்திருக்க விடும் இலவச நாட்கள் தாண்டித் துறைமுக வாடகையும் கப்பல் கம்பனியின் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பணம் முழுவதும் கல்முனையில் பெருநாள் சட்டை வாங்குகிற தாயின் தலையில்தான் விழும்.

துறைமுகத்தில் நெரிசல் என்பதற்காகப் பார்க்காமல் விடுவதும் சரியல்ல. 2025 ஜனவரியில் 323 கொள்கலன்களைப் பரிசோதிக்காமல் விடுவித்ததற்கு நெரிசலைத்தான் காரணம் காட்டினார்கள்; அந்தச் சர்ச்சை நாடாளுமன்றம் வரை போனது. ஒழுங்காகத் தொழில் செய்கிற எங்கள் சரக்கின் மீதும் அதனால் சந்தேகம் படிகிறது.

ஒலுவில் துறைமுகத்தை 2013இல் திறந்தபோது எங்கள் பக்கத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. மணல் அடைத்து அது முடங்கிப்போனது. அதனால் கொழும்பை விட்டால் எங்களுக்கு வழி இல்லை.

பெட்டிகளை எண்ணி ஆள் போட்டால் போதாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கப்பல் வருமுன்பே சரக்குப் பத்திரத்தில் தெரியும். தரையோட்டுப் பெட்டிக்கு ஒருவர் போதுமென்றால் கலப்புச் சரக்குக்கு இருவரைப் போடுங்கள். நோன்பு, தீபாவளி, நத்தார்க் காலங்களில் மாலை முறைக்கும் ஆட்களைக் கூட்டுங்கள். மாலைக்குள் பெட்டி வெளியே வந்தால், இரவோடிரவாக லொறி ஓடி விடியக் கல்முனைக்கு வந்துவிடும்.