மாசம் ஒரு புத்தகம்: கடலூர், புதுச்சேரி வாசகர் வட்டத்துக்கு இந்த ஆறு சரிவருமா?

கெடிலக்கரை (கடலூர்)

மஞ்சக்குப்பத்துல பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசகர் வட்டம் தொடங்குறோம். பாதிப் பேர் கடலூர், பாதிப் பேர் புதுச்சேரி. மாசத்துல ஒரு ஞாயிறு, ரெண்டு மணி நேரம். நம்ம பக்கத்துத் தொடர்புள்ளதா ஆறு குறிச்சிருக்கோம்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, புதுமைப்பித்தன் கதைகள், ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்', பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'. கால வரிசைப்படி நாட்குறிப்புலேர்ந்து தொடங்கலாம்னு நினைப்பு. நாலஞ்சு பேருக்கு வாசிப்பு விட்டுப்போய் வருஷக்கணக்கு ஆச்சு. படிச்சவங்க, எது எங்க தடுக்கும்னு சொல்லுங்க.

முத்தியாலுப்பேட்டை (புதுச்சேரி)

நாட்குறிப்பை முதல் மாசம் வைக்காதீங்க சார். ரெண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது. 1736-ல தொடங்கி 1761 வரைக்கும் போகுது, நடுவுல விட்டுப்போன நாளும் உண்டு. எந்தக் கப்பல் வந்துது, யாருக்கு எத்தனை வராகன், துரை என்ன கேட்டார், இவர் என்ன பதில் சொன்னார்னு பக்கம் பக்கமா ஓடும். ஒரே வாக்கியம் "என்றும்... என்றும்..."னு நீண்டுகிட்டே போகும். கண்ணால படிச்சா அலுத்துடும். சத்தமா வாசிச்சாத்தான் மூச்சு எங்க நிக்குதுன்னு பிடிபடும்.

முழுசா எடுக்காதீங்க, ஒரே ஒரு பருவம் போதும். என் தேர்வு 1748 ஆகஸ்டுலேர்ந்து அக்டோபர் வரை. கடற்படைத் தளபதி பொஸ்கவென் தலைமையில இங்கிலீஷ்காரங்க பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த புதுச்சேரியை முற்றுகை போட்ட மாசங்கள் அது. வேதபுரீசுவரர் கோயிலை இடிச்சதும் அந்த செப்டம்பர்லதான். வெளியே எதிரிப் படை, உள்ளே சொந்த ஊர்க் கோயில் இடிபடுது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸோட துபாசியா (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த பிள்ளை அத்தனையும் பார்த்துக்கிட்டு எழுதறார். கடலூர்க்காரங்களுக்கு இன்னொரு பிடிப்பும் இருக்கு: அப்போ இங்கிலீஷ்காரங்களுக்குத் தலைமையிடம் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டை.

தேதில ஒரு சிக்கல் வரும், முன்னாடியே சொல்லிடுங்க. விபவ வருஷம் ஆவணி, புரட்டாசின்னு தமிழ்த் தேதியோட ஐரோப்பியத் தேதியும் இருக்கும். இங்கிலீஷ்காரங்க 1752 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டரை விடல. அதனால அவங்க ஆவணத்தோட ஒப்பிட்டா 11 நாள் இடிக்கும். பிள்ளை தப்பா எழுதிட்டார்னு யாராவது கிளம்புவாங்க. இங்கிலீஷ் தேதியோட 11-ஐக் கூட்டிப் பாருங்க, நேராயிடும்.

'மானுடம் வெல்லும்' நாட்குறிப்புக்கு முந்தின மாசம் இருக்கட்டும். ஊரும் ஆட்களும் பழகிடும், நாட்குறிப்பு பாதி எளிதாயிடும். துய்ப்ளெக்ஸ் காலத்தை விரிவா எடுக்கறது அடுத்த நாவலான 'வானம் வசப்படும்'. ஆனா நாவல்ல பார்த்த காட்சியை நாட்குறிப்புல தேட விடாதீங்க. சாதாரண ஜனங்களோட மனசுக்குள்ள போறது பிரபஞ்சன் வேலை. பிள்ளை எழுதினது வியாபாரமும் அரசியலும்.

பழைய அட்டை (கடலூர்)

முதல் மாதம் புதுமைப்பித்தன்தான். காரணம் அளவு. 'பொன்னகரம்' சில பக்கங்களே. கூட்டத்திலேயே வாசித்துவிடலாம், வீட்டில் படிக்காமல் வந்தவரும் பேச்சில் கலந்துகொள்வார். அடுத்து அகலிகை கதையான 'சாப விமோசனம்', கடைசியில் 'செல்லம்மாள்'. மூன்றுக்கு மேல் வேண்டாம்.

'செல்லம்மாள்' கதைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மனைவியின் உயிர் பிரிந்த நொடியில் கதை தொடங்குகிறது. பிரமநாயகம் பிள்ளை அலறவில்லை. உடலுக்குச் செய்ய வேண்டியதைத் தனி ஆளாகச் செய்கிறார். அதன் பிறகுதான் கதை பின்னோக்கிப் போய், துணிக்கடைச் சம்பளத்தில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு சென்னையில் ஓட்டிய வாழ்க்கையைக் காட்டுகிறது. அவர் கல்மனசுக்காரரா, களைத்துப்போனவரா என்று கேட்டுப் பாருங்கள்.

பதிப்புக்குப் பதிப்பு கதை வரிசை மாறும். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பு கால வரிசையில் இருப்பதால் அதைப் பரிந்துரைப்பேன். எப்படியானாலும் பக்க எண் சொல்லாமல் கதைத் தலைப்பைச் சொல்லுங்கள். அவர் 1948-இல் மறைந்தார், அறுபது ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, கதைகளைப் படியெடுத்துக் கொடுக்கலாம். உங்கள் பட்டியலின் நான்கு நாவல்களை அப்படிச் செய்யக் கூடாது.

பிறந்த ஊரை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஓர் ஏமாற்றம் வரும். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூர் (1906), ஆனால் அவர் பாத்திரங்கள் பேசுவது நெல்லைத் தமிழ். ஜெயகாந்தன் பிறந்தது உங்கள் மஞ்சக்குப்பத்தில் (1934), ஆனால் அந்த நாவல் சென்னைப் பிராமணக் குடும்பத்துக் கதை. கெடிலக்கரையை அதில் தேட வேண்டாம்.

அந்த நாவலுக்கு முன் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையைக் கட்டாயம் படிக்கச் செய்யுங்கள். 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. கதையில் தாய் மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்பதுதான் நாவல். நாவலுக்குள் அந்தச் சிறுகதையே பேசுபொருளாக வரும். கதை தெரியாதவருக்கு நாயகி கங்காவின் கோபம் யார்மேல் என்றே விளங்காது. சினிமாவைப் பார்த்துவிட்டு வருபவர்கள் நடிப்பைப் பற்றியே பேசுவார்கள், அதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

முந்திரிக்காடு (விருத்தாசலம் பக்கம்)

'அஞ்சலை'யையும் 'கோவேறு கழுதைக'ளையும் அடுத்தடுத்த மாசம் போடாதீங்க. ரெண்டும் மனசை அழுத்துற புத்தகம். நடுவுல பிரபஞ்சனை வைங்க.

நம்ம நடுநாட்டுப் பேச்சு (கடலூர், விருத்தாசலம் பக்கத்து வழக்கு) காதுல விழணும்னா 'அஞ்சலை'தான். புதுச்சேரிக்காரங்களே கொஞ்சம் திணறுவாங்க. அதே ஆசிரியர் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒண்ணு வட்டத்துல இருக்கட்டும். ஆனா வார்த்தைக்கு வார்த்தை புரட்டினா கதை அறுந்துடும். தெரியாத சொல்லுக்குப் பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடணும், கூட்டத்துல சேர்ந்து பார்த்துக்கலாம். முக்காவாசி சொல்லு அடுத்த வரியிலேயே தானா விளங்கிடும்.

அஞ்சலைக்கு மாப்பிள்ளைன்னு ஒருத்தனைக் காட்டிட்டு வேற ஒருத்தனுக்குக் கட்டி வைக்கிறாங்க. அங்கேர்ந்து கடைசி வரைக்கும் அவளுக்கு நிக்க இடமில்ல. "பாவம்"னு சொல்லி முடிச்சுடுவாங்க, அதுதான் ஆபத்து. ஊர்ப்பேச்சு அவளை எந்தெந்த இடத்துல புடிச்சுத் தள்ளுதுன்னு ஆளுக்கு ஒரு இடம் குறிச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க.

'கோவேறு கழுதைகள்' 1994-ல வந்தது. காலனிக்குத் துணி வெளுக்குற ஆரோக்கியத்தோட குடும்பம். ஒடுக்கப்பட்டவங்களுக்குள்ளேயும் மேல கீழ இருக்குன்னு எழுதினதால அப்பவே பெரிய விவாதம். இதுலயும் இரக்கத்தோட நின்னுடாதீங்க, வேலையைப் பாருங்க: அழுக்கெடுக்கறது, வெள்ளாவி வைக்கறது, ராத்திரி சோறெடுக்கறது, களத்துல பங்குக்குக் காத்து நிக்கறது. ஒவ்வொண்ணுக்கும் என்ன கிடைக்குது, அது எப்படிக் குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு பார்த்தா நாவலோட முதுகெலும்பு தெரியும். ஒப்பாரி வர்ற இடத்தை ராகம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சா செத்துடும். மேரிக்கு நடக்கிற வன்கொடுமை பத்தி முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.

பழைய அட்டை அண்ணே, 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஏன் விட்டீங்க? கடவுள்கிட்டயே பத்திரிகைக்குச் சந்தா கேக்குற இடம் ஒண்ணு போதுமே, கூட்டம் களைகட்டிடும்.

பழைய அட்டை (கடலூர்)

களைகட்டும் தம்பி, சிரிப்போடு நின்றுவிடும் என்ற பயத்தில் விட்டேன். 'சாப விமோசன'த்துக்கு ராமாயணம் நினைவில் இல்லாதவர்கள் இருந்தால் அதற்குப் பதிலாக இதை வைக்கலாம்.

கெடிலக்கரை (கடலூர்)

ரொம்ப நன்றி. வரிசையை மாத்திட்டோம்: புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், இமையம், பிரபஞ்சன், நாட்குறிப்பு, கடைசியா 'அஞ்சலை'. ஒரு சந்தேகம். 'அஞ்சலை' நாலு பிரதிதான் கையில இருக்கு, பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பத்து நாள்னு சுத்த விட்டா சரியா?

முத்தியாலுப்பேட்டை (புதுச்சேரி)

கணக்கு சரி சார், நடைமுறைல முதல்ல படிச்சவங்க கூட்டத்துக்குள்ள பாதியை மறந்திருப்பாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே சுத்த விடுங்க, ஆளுக்குப் பதினஞ்சு நாள். மெதுவா படிக்கிறவங்களுக்குக் கடைசி முறை குடுங்க, மிச்சம் விழற பதினஞ்சு நாளும் அவங்களுக்கே. முதல்ல படிக்கிறவங்க கூட்டத்துல வாசிக்க வேண்டிய பக்கத்துல சீட்டு வெச்சுட்டுக் குடுக்கணும். சத்தமா வாசிக்க ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் பிடிக்கும். பன்னிரண்டு பக்கத்துக்கு மேல சீட்டு விழுந்தா பேசற நேரம் குறைஞ்சுடும்.