கூலன்ட் குறைகிறது, கசிவு மட்டும் தெரியவில்லை

என்னிடம் இருப்பது 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் சேலத்தில் வசிக்கிறேன். கடந்த மூன்று மாதங்களாக 500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 300 மில்லி கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. சமவெளியில் வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் ஏசியுடன் ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது.

ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், மேல் ஹோஸ் ஆகியவற்றை மாற்றியாயிற்று. விசிறி சரியாகச் சுழல்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தபோது செய்த அழுத்தச் சோதனையில் 20 நிமிடங்கள் வரை அழுத்தம் இறங்கவில்லை. வாட்டர் பம்ப்பைச் சுற்றி ஈரமில்லை, உள்ளே கால்மிதியடியும் காய்ந்தே இருக்கிறது. எஞ்சின் ஆயிலில் பால் நிறம் இல்லை. காலையில் ஓரிரு நிமிடங்கள் வெண்புகை வருகிறது என்றாலும், மார்கழிக் குளிரில் அதை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை.

ஒரு பணிமனையில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்கிற்கும் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டிற்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று 28,000 ரூபாய் மதிப்பீடு தந்தார்கள். மற்றொன்றில் தண்ணீர் ஊற்றியே ஓட்டச் சொன்னார்கள். அந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், கேஸ்கெட்தான் காரணம் என்பதை உறுதிசெய்ய, சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு கூலன்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை போதுமா, அல்லது சிலிண்டருக்குள் அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் லீக்டவுன் சோதனையும் அவசியமா?