டீசலா பெட்ரோலா: 84,000 கி.மீ. கணக்கு சரியா?

வணக்கம். 1.5 லிட்டர் எஸ்யூவி ஒன்று வாங்க வேண்டும். டீசல் வண்டி ஒன்றரை லட்சம் கூடுதல். விலை 10 லட்சத்துக்கு மேல், 20 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18%. அந்த வித்தியாசத்துக்கும் வரி உண்டென்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக 1,77,000.

பெட்ரோல் 101 ரூபாய், மைலேஜ் 15 என்றால் கிலோமீட்டருக்கு 6.73. டீசல் 92.50, மைலேஜ் 20 என்றால் 4.63. மிச்சம் 2.10. போட்ட பணம் திரும்ப 84,000 கி.மீ. ஓட வேண்டும். வருடத்துக்கு 15,000 ஓடினால் ஐந்தரை ஆண்டுக்கு மேல். கடன் வட்டி இதில் சேரவில்லை.

உண்மையான தயக்கம் டிபிஎஃப், அதாவது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் பற்றித்தான். மாதம் ஒருமுறை சென்னை–மதுரை போய்வருவது உண்டு. மற்ற நாளெல்லாம் ஊருக்குள் 12 கி.மீ. இன்ஜின் சூடேறும் முன்பே அணைத்தால் ஃபில்டரில் சேரும் கரி எரியாது. எரியத் தொடங்கும்போது பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் டீசல் போய் இன்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறும். வாரம் ஒருமுறை 20 நிமிடம் பைபாஸில் 60க்கு மேல் ஓட்டினால் போதுமா?

பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் வண்டியில் 80,000 கி.மீ. தாண்டியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: டிபிஎஃப், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு), இன்ஜெக்டர் எதற்காவது செலவு வந்ததா, எவ்வளவு? மைலேஜை டேங்க் நிரப்பி நிரப்பி அளந்த கணக்காகச் சொன்னால் நல்லது, மீட்டர் காட்டுவது வேண்டாம். பெட்ரோல்காரர்கள், இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்ட பிறகு மைலேஜ் எவ்வளவு குறைந்தது?