கலைச்சொல் உதவி: போன போகத்து விலையைப் பார்த்து நடுறதுக்கு என்ன பேரு?

தருமபுரியிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை பி.ஏ. பொருளாதாரம் பசங்களுக்கு காப்வெப் (cobweb, சிலந்தி வலை) பாடம், நோட்ஸ் தமிழ்ல தரணும். விலை ஏறுதுன்னு எல்லாரும் நடுறாங்க, சரக்கு ஒண்ணா வந்து விலை விழுது, அடுத்த தடவை யாரும் நடுறதில்ல, திரும்ப ஏறுது. வரைபடத்துல கோடு வலை மாதிரி சுத்துறதால 1934ல பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் அப்படிப் பேர் வெச்சாரு. 'சிலந்திவலைத் தேற்றம்'னு எழுதுனா இதுல சிலந்தி எங்க சார் வருதுன்னு கேக்கறாங்க. 'முன்போக விலைச் சுழல்' சரியா வருமா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
சுழல் நல்ல சொல் ஐயா. ஆனா போகம் வடசொல். நம்மகிட்ட 'பூ' இருக்கே, ஒருபூ, இருபூ, முப்பூ நிலம்னு சொல்றோமே, பூத்துதான் விளையுதுங்கறதால விளைச்சலுக்கே அந்தப் பேர் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. 'முன்பூ விலைச் சுழல்'னு வைங்க. விலையும் 'வில்' அடியில பொறந்தது, விற்பனை, விலைஞர் எல்லாம் அதே குடும்பம், விளைச்சலோட குழப்பிக்கக் கூடாது. குறள் 256ல தின்ன ஆள் இல்லன்னா விலைக்கு ஊன் தர ஆள் இருக்காதுன்னு வள்ளுவர் தேவையையும் அளிப்பையும் ஒண்ணாக் கட்டிட்டாரே, கடன் சொல் வாங்கியா சொன்னாரு?

பாலக்கோட்டிலிருந்து:
அண்ணா, இங்க மண்டியில முன்பூ விலைன்னு கேட்டா சாமந்தி விலையத்தான் சொல்லுவாங்க. 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபா தாண்டுச்சுல்ல, அதப் பாத்து கேழ்வரகுக்கு உழுது வெச்ச காட்டுலயும் நாத்து நட்டோம், பழம் வந்தப்ப பறிக்கூலிக்கே கட்டுப்படி ஆகல, மாட்ட விட்டு மேய விட்டுட்டோம். விலை பாதியாச்சுன்னு எந்த வீட்லயும் ரெண்டு மடங்கு ரசம் வைக்கறதில்ல, ஆனா விலை ஏறுனா நாங்க ரெண்டு மடங்கு நடுறோம், அதான் இந்த ஆட்டம் அடங்கவே மாட்டேங்குது. கேழ்வரகுக்காவது ஆதார விலைன்னு ஒண்ணு இருக்கு, தக்காளிக்கு அதுவும் இல்ல. எங்கப்பா வாயில வர்ற சொல்லு போகம்தான், அது பேர்ல இருக்கணும்.

போச்சம்பள்ளியிலிருந்து:
மாவுக்கு என்ன பண்ணுவீங்க? ஒட்டுக்கன்னு நட்டு நல்லா காய்க்க 4, 5 வருஷம் ஆகுது. பெங்களூரா ரக மாங்கா விலை நல்லாருக்குன்னு நட்டவன் காய் பறிக்கறப்ப கூழ் ஃபேக்டரிக்காரங்க சொல்றதுதான் விலை, மரத்த வெட்டவும் மனசு வராது. இதுல முன்போகம் எது? விலையப் பாத்து நட்டது பின்னாடி தாமதமாத்தான் விளையுது, அதனால 'பின்தங்கு விளைச்சல் சுழல்'னா தக்காளி, மா ரெண்டுக்கும் பொருந்தும்.

தருமபுரியிலிருந்து:
பின்தங்குன்னா விளைச்சல் கொறஞ்சதுன்னு பசங்க எடுத்துக்குவாங்க. இன்னிக்கு ராத்திரி டைப்பிங்குக்கு தரணும், 'முன்போக விலைச் சுழல்'னே போட்டுட்டேன், மாவுக்கு மட்டும் தனியா ஒரு பத்தி எழுதறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
போடுங்க ஐயா. போகத்துக்கு நான் ஒத்துக்கலங்கறது மட்டும் இங்க பதிவுல இருக்கட்டும்.