அவசரம்: பழைய ரைசன் பிசி, ப்ராசஸரும் கார்டும் மாத்தணும், கையில 20 ஆயிரம்தான்

திருச்சி_கேமர்:
வணக்கம் ஃப்ரண்ட்ஸ். 2018-ல வாங்கின ரைசன் பிசி, கிராஃபிக்ஸ் கார்டு 1050 டிஐ. ஜிடிஏ 5-ல ஊருக்குள்ள வண்டி ஓட்டினா திக்கித் திக்கிப் போகுது. வாலரன்ட்ல நாலு பேர் சேர்ந்து வந்தாலே ஸ்க்ரீன் நின்னு நின்னு வருது. கடையில கேட்டா மதர்போர்டு, ராம் எல்லாமே மாத்தணும்ங்கிறாங்க. 20 ஆயிரத்துக்குள்ள ப்ராசஸரும் கார்டும் மட்டும் மாத்த முடியாதா? நாளைக்குக் கடைக்குப் போறேன், சீக்கிரம் சொல்லுங்க.

பிக்சல்பாண்டி:
எந்த ரைசன் ப்ரோ? போர்டு மாடல் என்ன?

கோவைவோல்ட்:
எஸ்எம்பிஎஸ், அதான் கரண்ட் கொடுக்கிற பெட்டி, என்ன கம்பெனி, எத்தனை வாட்ஸ்? அது தெரியாம கார்டு பத்திப் பேசவே முடியாது.

ரீபூட்ராஜா:
ராம் ஒரே ஸ்டிக்கா? அப்போ அதான் வியாதி. ரைசனுக்கு டூயல் சேனல், அதாவது ரெண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடறது, இல்லைன்னா பாதி உயிர் போயிடும். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக் போடுங்க, எதையும் மாத்த வேண்டாம்.

பழையசிலிகான்:
தம்பி, இங்க வர்ற எல்லாரும் இப்படித்தான் பாதி விவரத்தோட வர்றீங்க. விண்டோஸ் தேடல்ல எம்எஸ்இன்ஃபோ32-ன்னு அடிங்க. ப்ராசஸர், பேஸ்போர்டு (மதர்போர்டுதான்), பயாஸ் (போர்டை எழுப்புற சாஃப்ட்வேர்), மூணு வரியையும் அப்படியே எழுதுங்க. சொந்த மெஷின்ல என்ன இருக்குன்னு பார்க்காம 20 ஆயிரத்தைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போகக் கூடாது.

திருச்சி_கேமர்:
சாரி அண்ணா. ரைசன் 3 1200, ஏ320 போர்டு, பயாஸ் தேதி 2018. ராம் 8 ஜிபி, ஒண்ணுதான். எஸ்எம்பிஎஸ் கேபினட்டோட வந்தது, பேரெல்லாம் இல்ல.

பிக்சல்பாண்டி:
நல்ல சேதி, போர்டு மாத்த வேண்டாம். 1200-க்கும் ரைசன் 5 5600-க்கும் ஒரே ஏஎம்4 சாக்கெட். உங்க ஏ320 மாதிரி 300 சீரிஸ் போர்டுகளுக்கும் 5000 சீரிஸ் சப்போர்ட்டை 2022-ல ஏஎம்டி திறந்து விட்டாங்க. போர்டு கம்பெனி தளத்துல உங்க மாடலோட சிபியூ பட்டியல்ல 5600 இருக்கான்னு பாருங்க, ரிவிஷன் நம்பர் வரைக்கும் ஒத்துப் போகணும். இருந்தா, 1200 உள்ள இருக்கும்போதே புது பயாஸ் ஏத்திடுங்க. முதல்ல கழட்டிட்டா பழைய பயாஸ் 5600-ஐ அடையாளம் காணாது, ஸ்க்ரீன் கருப்பாவே நிக்கும். சில போர்டுல நடுவுல ஒரு வெர்ஷன் ஏத்திட்டுத்தான் கடைசி வெர்ஷனுக்குப் போகணும், அந்தப் பக்கத்துலயே எழுதியிருப்பாங்க.

1200-ல 4 கோர், 4 த்ரெட். 5600-ல 6 கோர், 12 த்ரெட், அதுவும் 65 வாட்ஸ்தான். உங்க ஜிடிஏ திக்கலுக்கு முதல் மருந்து இதுதான். கை இடிச்சா 5500 பரவாயில்லை. ஆனா எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேக மெமரி, 5600-ல 32 எம்பி, 5500-ல 16 எம்பி, கேம்ல அது தெரியும்.

வால்வு:
கழட்டும்போது ஒரு விஷயம். ஏஎம்4-ல பின் எல்லாம் ப்ராசஸர் அடியில இருக்கு. கூலருக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கிற பேஸ்ட் காஞ்சிருந்தா கூலரைத் தூக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கிட்டே சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடும், பின் வளையும். ஒரு கால் மணி நேரம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிட்டு, ஸ்க்ரூவை எடுத்து, கூலரை இடமும் வலமுமா மெதுவாத் திருகுங்க. தானா விட்டுக்கொடுக்கும். நேரா மேல இழுக்காதீங்க.

மைனிங்மாறன்:
கார்டுக்கு பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி எடுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல நிறையக் கிடைக்குது.

கோவைவோல்ட்:
பேர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ல 580-ஆ? அது 185 வாட்ஸ் இழுக்கும். 1050 டிஐ 75-க்குள்ள அடங்கினதாலதான் இவ்வளவு நாள் தாங்கியிருக்கு. தவிர 2022 செப்டம்பர்ல எத்தீரியம் கிரிப்டோ காசு மைனிங் நின்னப்போ சந்தைக்கு வந்த கார்டுதான் பாதி.

மைனிங்மாறன்:
மைனிங் கார்டுன்னா செத்த கார்டுன்னு யார் சொன்னது? வோல்டேஜ் குறைச்சு ஒரே சூட்டுல ஓட்டினது அது. தினமும் சூடாகி ஆறுற கேமிங் கார்டை விட மேல்.

கோவைவோல்ட்:
ஃபேன் பேரிங்கும் மெமரி மேல ஒட்டின தெர்மல் பேடும் ராத்திரி பகலா ஓடியிருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க? மெமரியை டெஸ்ட் பண்ணாம யாரும் வாங்கக் கூடாது.

பழையசிலிகான்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. 580-ன்னு விக்கிறதுல 2048எஸ்பின்னு ஒண்ணு உண்டு, உள்ள இருக்கிறது 570 அளவுக்குத்தான். பெட்டியைப் பார்த்து நம்பாம ஜிபியூ-இசட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்க, நிஜ 580-ன்னா 2304 காட்டணும். விலை குறைவுன்னு 6500 எக்ஸ்டி பக்கமும் போகாதீங்க. பிசிஐஇ-ன்னா கார்டு போர்டோட பேசற பாதை, அதுல நாலே லேன்ல ஓடற கார்டு அது. ஏ320-ல பிசிஐஇ 3.0 வேகம்தான் கிடைக்கும், அடி வாங்கும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன், 132 வாட்ஸ். நல்ல 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸோட அதை எடுங்க, பழசா இருந்தாலும் பில், வாரண்டியோட.

பிக்சல்பாண்டி:
ஆனா 20-க்குள்ள எல்லாம் அடங்காது. இப்போ 5600, அடுத்து எஸ்எம்பிஎஸ், அப்புறம் கார்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சது, 1200 விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்ல. அதனாலயும் ப்ராசஸர்தான் முதல்ல.

ரீபூட்ராஜா:
ராமை மறந்துடாதீங்க!

திருச்சி_கேமர்:
பயாஸ் ஏத்திட்டு 5600 போட்டாச்சு, போர்டு அதேதான். ஜிடிஏ-ல ஊருக்குள்ள இப்போ திக்கல் இல்ல. ராம் இன்னொரு 8-ம் வாங்கிட்டேன். பழைய 6600 ஒண்ணு பேசி வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை எடுக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

கோவைவோல்ட்:
சந்தோஷம். எஸ்எம்பிஎஸ் மாத்தினீங்களா? மாத்தாம 6600-ஐச் சொருகாதீங்க.

கோவைவோல்ட்:
தம்பி, பார்த்தா பதில் போடுங்க.