டேலி சிட்டி பக்கம் புதுசா வந்தவங்களுக்கு: வீட்டுப் பக்கத்துல இருக்குற பிலிப்பினோ கடைய விட்டுடாதீங்க

அமெரிக்கால, சான் பிரான்சிஸ்கோவ ஒட்டி இருக்குற டேலி சிட்டி, கோல்மா, சௌத் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வீடு எடுத்து வர்ற நம்ம ஆளுங்க முதல் வாரமே கேக்குறது "பக்கத்துல சோறு எங்க கிடைக்கும்"னு தான், அதுக்கு எல்லாரும் தள்ளி இருக்குற சன்னிவேல், ஃப்ரீமான்ட்ல உள்ள நம்ம ஊரு ஹோட்டல் பேரா அடுக்கிட்டு போயிடறாங்க. லைசென்ஸ் கூட வாங்காத ஆளு, பார்ட் ட்ரெயின நம்பி இருக்குறவரு, ஒரு சாப்பாட்டுக்காக அவ்ளோ தூரம் எப்படிங்க போவாரு? டேலி சிட்டில கிட்டத்தட்ட மூணுல ஒருத்தரு பிலிப்பினோ, அதாவது பிலிப்பைன்ஸ் வழி வந்தவங்க. மிஷன் ஸ்ட்ரீட்லயும் செரமான்டே பக்கமும் அவங்க சாப்பாட்டுக் கடைங்க நிறையவே இருக்கு. அங்க மூணு வேளையும் சோறு தான், காலைல கூட பூண்டு போட்டு வதக்குன சோறும் முட்டையும். இத ஏன் யாருமே புதுசா வர்றவங்களுக்கு சொல்ல மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம், அதான் எழுதுறேன்.

சின்ன கடைல மெனு கார்டெல்லாம் தேடாதீங்க. கண்ணாடிக்குப் பின்னாடி பத்து பதினஞ்சு பெரிய ட்ரேல கறி, மீன், காய் எல்லாம் ஆவி பறக்க இருக்கும், வேணும்ங்கறத கைய காட்டுனா கரண்டில அள்ளி வைப்பாங்க, பேரு தெரியலன்னு கூச்சமே பட வேணாம், அவங்க ஊர்லயே இப்படி கை காட்டி வாங்கி சாப்பிடற கடைங்க தான் தெருவுக்குத் தெரு இருக்கு. பெரும்பாலும் சோறோட ரெண்டு அயிட்டம் ஒரு விலைன்னு போர்டுல போட்டிருக்கும். அளவு தாராளமா இருக்கும், சின்ன வயிறுன்னா மதியம் வாங்குனது ராத்திரிக்கும் வரும்.

முதல்ல சாப்பிட வேண்டியது சினிகாங். புளி போட்ட குழம்பு, மஞ்சள் கிடையாது, மிளகாத்தூள் கிடையாது, தண்ணியா வெளுப்பா இருக்கும், பாத்தா சப்புன்னு தோணும். வாயில வெச்சா புளிப்பு காது வரைக்கும் ஏறும். உள்ள முள்ளங்கி, வெண்டைக்கா, கத்திரிக்கா, காராமணிக்கா, சில கடைல சேப்பங்கிழங்கு கரைஞ்சு குழம்பே கொழகொழன்னு இருக்கும், மேல முழுசா ஒரு பச்சமிளகா மிதக்கும். அந்த மிளகாய கரண்டியால நசுக்கி விட்டுட்டு சுடுசோத்துல ஊத்தி சாப்பிடுங்க, டேலி சிட்டியோட பனிமூட்டத்துக்கும் குளிருக்கும் அது மாதிரி ஒண்ணு இல்ல. ஆனா கவனம், பல கடைல சினிகாங்னு மட்டும் சொன்னா பன்னிக்கறி போட்டது தான் வரும். எறால் போட்டதா, மீன் போட்டதான்னு கேட்டு வாங்குங்க.

இதுக்காகவே அஞ்சு வார்த்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க: மனோக்னா கோழி, ஹீப்போன்னா எறால், இஸ்தான்னா மீன், பாபோய்னா பன்னி, பாக்கான்னா மாடு. ட்ரே மேல எழுதி இருக்குற பேர்லயே பாதி தெரிஞ்சிடும். காரே-காரேங்கறது வேர்க்கடலை குழம்பு, வாசனை ஆளை இழுக்கும், ஆனா வழக்கமா மாட்டு வால் போட்டு செய்றது. தாப்பா, பிஸ்தெக், புலாலோ மூணும் மாடு. சிசிக், லெச்சோன் கவாலி, தோசினோ எல்லாம் வழக்கமா பன்னி தான். குட்டி குட்டியா உருட்டி பொரிச்ச லும்பியாவ வெஜிடபிள் ரோல்னு நினைச்சு எடுத்துடாதீங்க, ஷாங்காய்னு போட்டிருந்தா பெரும்பாலும் உள்ள பன்னிக்கறி. அடோபோ கோழிலயும் பண்ணுவாங்க, பன்னிலயும் பண்ணுவாங்க, ரெண்டையும் ஒரே சட்டில போடறதும் உண்டு, அதனால கேட்டுடுங்க. நல்ல கோழி அடோபோ கிடைச்சா விடாதீங்க, வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை இதெல்லாம் சேந்து வத்துன குழம்பு, மறுநாள் இன்னும் நல்லா இருக்கும்.

மீன் சாப்பிடறவங்களுக்கு கொண்டாட்டம் தான். அமெரிக்கன் கடைல முள்ளும் தலையும் இல்லாத துண்டு மீன பாத்து பாத்து மனசு விட்டுப் போன ஆளுங்க, இங்க தலையோட வாலோட பொரிச்ச மீன பாத்தா குஷியாயிடுவாங்க. பங்கூஸ்னு அவங்க சொல்றது நம்ம பால்கெண்டை, வயித்துல தக்காளி வெங்காயம் அடைச்சு நெருப்புல சுட்டுத் தருவாங்க, தொட்டுக்க பூண்டும் மிளகாயும் போட்ட வினிகர். முள்ளு ஜாஸ்தி, குழந்தைங்களுக்குன்னா முள் எடுத்ததான்னு கேட்டு வாங்குங்க.

பிரசவத்துக்கு அம்மா வர்றாங்க, பத்தியத்துக்கு என்ன பண்றதுன்னு ஒரு தங்கச்சி கேட்டாங்க, அவங்களுக்கு சொல்றேன். தினோலான்னு ஒரு கோழி சூப் இருக்கும்மா, இஞ்சி தூக்கலா, பப்பாளிக்காய் இல்லன்னா சௌசௌ, கூடவே முருங்கைக்கீரை போட்டது. பிலிப்பைன்ஸ்ல பிள்ளை பெத்தவங்களுக்கு பால் சுரக்க இதத் தான் குடுப்பாங்க. அம்மாவுக்கு பப்பாளிக்காய் பத்தி தயக்கம் இருந்தா சௌசௌ போட்டதா பாத்து வாங்குங்க, உங்க டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. விசிட்டர் விசால வந்து பீட்சாவையும் பர்கரையும் பாத்து மூஞ்ச சுளிக்கிற அப்பா அம்மாவுக்கு ஆரோஸ் கால்தோ வாங்கி குடுங்க, இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி, வறுத்த பூண்டு தூவி வரும், ஜுரம் வந்த அன்னைக்கும் அதான். அந்தக் கடைகள்ல பெரியவங்களுக்கு குடுக்குற மரியாதையும் தனி, அப்பா வயசு ஆளு உள்ள வந்தா எழுந்து சேர் இழுத்துப் போடறத நான் பாத்திருக்கேன்.

சுத்த சைவம் சாப்பிடறவங்களுக்கு நேரா சொல்லிடறேன், கஷ்டம். லாயிங்னு சேப்பங்கீரைய தேங்காப்பால்ல வேக வெச்சது, பினக்பெட்னு பாகற்கா, பூசணி, கத்திரிக்கா போட்ட கூட்டு, பேரக் கேட்டா நாக்குல எச்சி ஊறும், ஆனா ரெண்டுலயும் பெரும்பாலும் எறால் விழுது இருக்கும், சிலதுல கறித்துண்டும் இருக்கும். பாசிப்பயறு குழம்பு, மோங்கோன்னு வெள்ளிக்கிழமைல பண்ணுவாங்க, அதுலயும் கருவாடோ பன்னியோ எதாச்சும் போட்டுடறாங்க. காய் தானேன்னு நம்பி வாங்காதீங்க, எறால் அலர்ஜி இருக்குறவங்களுக்கும் இதே தான். முட்டை சாப்பிட்டா கத்திரிக்காய சுட்டு முட்டைல முக்கிப் பொரிச்ச தோர்த்தாங் தலோங் கேளுங்க, அதுலயும் கொத்துக்கறி இல்லன்னு உறுதி பண்ணிட்டு. சான் பிரான்சிஸ்கோவ சுத்தி இருக்குற பே ஏரியால, பால் முட்டை கூட சேக்காத வீகன் பிலிப்பினோ சாப்பாடு பண்றவங்களும் இருக்காங்க, தேடிப் பாருங்க. இனிப்புல பிரச்சனை கம்மி, வாழைப்பழமும் பலாச்சுளையும் சுருட்டி சக்கரைப்பாகு ஏற பொரிச்ச தூரோன் சூடா கிடைச்சா ரெண்டா வாங்கிடுங்க.

ஜாலிபீன்னு ஒரு கடை பேரு காதுல விழும்: அது பிலிப்பைன்ஸோட பெரிய ஃபாஸ்ட்ஃபுட் செயின், அமெரிக்கால முதல் கடை 1998ல டேலி சிட்டில தான் திறந்தாங்க. சிக்கன் மொறுமொறுன்னு நல்லா இருக்கும், சோத்தோடயே தருவாங்க, பசங்களுக்குப் பிடிக்கும். ஸ்பெகட்டி இனிப்பா இருக்கும், அதுல ஹாட் டாக் துண்டெல்லாம் கிடக்கும். ஆனா அதோட நிறுத்திக்காதீங்க, சின்ன கடைல கிடைக்கிற ருசி அங்க வராது.

இந்தக் கடைங்கள்ல கையால சாப்பிடலாமான்னு கேட்டா, தாராளமா. தினமும் அவங்க ஸ்பூனும் ஃபோர்க்கும் வெச்சு தான் சாப்பிடுவாங்க, ஆனா கையால சாப்பிடறது அவங்க வழக்கமும் தான். சில கடைல முன்கூட்டியே சொன்னா மேசை முழுக்க வாழை இலை விரிச்சு, நடுவுல சோறு குவிச்சு, சுத்தி மீனும் கறியும் அடுக்கி வெப்பாங்க, எல்லாரும் ஒண்ணா கையால சாப்பிடணும். ஆறேழு பேரா போகும்போது இத புக் பண்ணுங்க, மாடு, பன்னி வேணாம்னா போன்லயே சொல்லிடுங்க. அண்ணன் மாதிரி ஆளுன்னா கூயா, அக்கான்னா ஆத்தே, இப்படி கூப்பிட்டீங்கன்னா அடுத்த தடவை கொஞ்சம் சேத்தே வைப்பாங்க.

பில்லுல போர்டு விலைக்கு மேல 9 சதவீதத்துக்கும் ஜாஸ்தியா டாக்ஸ் வரும், புதுசா வந்தவங்க குழம்ப வேணாம். உக்காந்து சாப்பிட்டு அவங்க பரிமாறுனா 18ல இருந்து 20 சதவீதம் டிப்ஸ் வைங்க, கவுண்டர்ல கை காட்டி வாங்குற கடைல அது உங்க இஷ்டம், ஆனா தினமும் போற கடைன்னா கொஞ்சம் போடுங்க, உழைக்கிற ஜனங்க.

அப்படியே பக்கத்துல பிலிப்பினோ சூப்பர்மார்க்கெட் இருந்தா உள்ள போயிட்டு வாங்க. முருங்கைக்கீரை, பாகற்கா, சொரக்கா, பீர்க்கங்கா, ஃப்ரோசன் தேங்காத்துருவல், வாழை இலை எல்லாம் கிடைக்கும், மீனும் சொன்னபடி வெட்டிக் கழுவித் தருவாங்க, சில இடத்துல பொரிச்சே குடுப்பாங்க. கறிவேப்பிலைய மட்டும் அங்க தேடாதீங்க, அதுக்கு நம்ம இந்தியன் கடை தான். மில்பிடாஸ்ல இருக்குறவங்களுக்கு லேண்டஸ் அவென்யூல சீஃபுட் சிட்டிங்கற பிலிப்பினோ சூப்பர்மார்க்கெட் இருக்கு. அமெரிக்காவோட கிழக்குக் கரைப் பக்கம் ஜெர்சி சிட்டிலயும், நியூயார்க் க்வீன்ஸ்ல வுட்சைட் ரூசவெல்ட் அவென்யூலயும் பிலிப்பினோ கடைங்க நிறைய.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க, அதுக்கு முன்னாடி பதினோரு மணிக்கே போயிடுங்க. சாயங்காலம் லேட்டா போனா சினிகாங் ட்ரே காலியா தான் இருக்கும்.